கிணற்றோடு இறங்கிய பவுண்டரி: கொங்குநாட்டில் ஆறு நாள்

முதல் நாள்: அவிநாசிப் பக்கம், எங்கள் தோட்டம்

சேரன் எக்ஸ்பிரஸ் திருப்பூரில் நின்றபோது இன்னும் இருட்டுப் பிரியவில்லை. அங்கிருந்து முதல் பஸ்ஸில் அவிநாசி. பெரியப்பா எக்ஸெல் வண்டியோடு காத்திருந்தார். "ஏங்கண்ணு, இப்படி எளைச்சுப் போயிட்டே?" என்றதோடு சரி, தோட்டம் போய்ச் சேரும்வரை வேறு பேச்சில்லை.

நான் வந்தது மாமாவின் பவுண்டரியை, இரும்பை உருக்கி அச்சில் ஊத்தும் பட்டறையை, பார்க்க. கோவை கணபதியில் அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, எழுபதுகளில் தொடங்கியது. இந்த வாரத்தோடு அங்கே உலையை நிறுத்திவிட்டு அரசூர் பக்கம் புது இடத்துக்குப் போகிறார்கள். குபோலா என்ற அந்தக் கரி உலை ஓடுவதைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று லீவு போட்டு வந்தேன். ஆனால் காலையில் காபி குடித்த கையோடு பெரியப்பா என்னைக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். இப்போது யோசித்தால், பவுண்டரியின் கதையை அங்கிருந்து தொடங்குவதுதான் சரி.

எங்கள் கிணறு எண்பதடி. மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே முழுக்கப் பாறை, வெடி வைத்து இறக்கியது. படியில் இறங்கிப் பார்த்தால் பாறைச் சுவரில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக மூன்று மேடைகள் தெரியும். மூன்றும் பம்ப் உட்கார்ந்த இடங்கள். பம்ப் தண்ணீரை உறிஞ்சுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் மேலே தள்ளுகிறது. கணக்குப்படி அது 10.3 மீட்டர்வரை தள்ளும். நடைமுறையில் 25 அடி தாண்டினாலே பம்ப் திணறிவிடும். அதனால் தண்ணீர் கீழே போகப் போக மோட்டாரையும் கிணற்றுக்குள் இறக்கிக்கொண்டே போக வேண்டும். முதல் மேடை இருபதடியில், அடுத்தது நாற்பதில், மூன்றாவது அறுபதில். ஒரு தலைமுறைக்குள் தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்பதைப் பாறையே காட்டுகிறது.

பெரியப்பா சின்னப் பையனாக இருந்தபோது கவலை ஓட்டியிருக்கிறார். இரண்டு எருது, வடக்கயிறு, தண்ணீர் மொள்ளும் சால். எருது சரிவில் முன்னால் போனால் சால் மேலே வரும், பின்னால் வந்தால் கீழே போகும். விடிகாலை பூட்டினால் வெயில் ஏறும்வரை ஓட்டினாலும் அரை ஏக்கர் நனைவது பெரும்பாடாம். கரண்ட் வந்த பிறகு ஸ்விட்சைத் தட்டினால் தண்ணீர். மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972-இல் விவசாயிகள் கோவை ரோடுகளில் மாட்டுவண்டிகளை நிறுத்தினார்களே, அப்பாருவும் (அப்பாவின் அப்பா) வண்டி பூட்டிக்கொண்டு போனவர்தான். அப்புறம் 1990 வாக்கில் விவசாயத்துக்கு மின்சாரம் எல்லோருக்கும் இலவசம் என்றானது. தோட்டத்துக்குத் தோட்டம் பம்ப். கிணறுகள் ஆழமாயின, பிறகு வறண்டன, பிறகு போர்வெல் வந்தது. எங்கள் கிணற்றில் இருபது வருஷமாகக் குருவி கூடு கட்டியிருந்தது.

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கியது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாகக் குழாயில் தள்ளி, மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுக்கும் திட்டம். அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த ஊர்க்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன ஒன்று. எங்கள் ஊர்க் குட்டைக்கும் தண்ணீர் வந்தது. கிணற்றில் ஊற்று எடுத்தது. இன்று பார்த்தேன், மூன்றாம் மேடை தண்ணீருக்குள் இருக்கிறது.

பெரியப்பா, மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கும் பழைய மோனோபிளாக் பம்பை மேலே எடுத்து, காயில் கட்டி, இரண்டாம் மேடையில் உட்கார வைத்திருக்கிறார். "இந்தக் கெணத்துல மோட்டாரை மேல ஏத்துனது இதுதான் மொதத் தடவ கண்ணு" என்றபோது அவர் குரல் லேசாக மாறியது.

ஆனால் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. கழற்றிப் பார்த்தால் இம்பல்லர் போய்விட்டது. தண்ணீரைச் சுழற்றித் தள்ளும், சின்னத் தட்டு அளவு இரும்புச் சக்கரம். உள்ளே வளைந்த இதழ்கள். இதழ்களின் ஓரம் கத்திபோல் தேய்ந்து, உள்பக்கம் முழுக்கக் கறையான் அரித்த பலகை மாதிரிக் குழி குழியாக இருந்தது. தண்ணீர் எட்டாத ஆழத்தில் ஓடும்போது பம்புக்குள் நீராவிக் குமிழ்கள் உண்டாகும். அவை உடையும் ஒவ்வொரு தடவையும் இரும்பைத் துளித்துளியாகப் பெயர்த்தெடுக்கும். கடைசி வருஷங்களில் அந்தக் கிணறு பட்ட பாடு அத்தனையும் அதில் இருந்தது.

இந்த மாடல் இப்போது கடையில் இல்லை. இது அம்மாவின் கல்யாணச் சீரோடு அப்புச்சி அனுப்பிய பம்ப். அவரே ஊத்தியது. "பேட்டர்ன் உங்க மாமங்கிட்ட இருக்கும், கேட்டுப் பாரு" என்று இம்பல்லரைத் துண்டில் சுற்றி என் பையில் வைத்தார் பெரியப்பா. பேட்டர்ன் என்றால் மணலில் பதித்து அச்சு எடுக்கும் மர மாதிரி.

இரண்டாம் நாள்: அவிநாசி ரோடு, கணபதி

தெக்கலூர், கருமத்தம்பட்டி, கணியூர், அரசூர், நீலாம்பூர் என்று பஸ் போகிறது. கோல்டுவின்ஸில் ஜி.டி. நாயுடு பெயர் சூட்டிய புது மேம்பாலம் தொடங்குகிறது. நான் பஸ் பாலத்தில் ஏறுவதற்கு முன்பே இறங்கி, கீழே டவுன் பஸ் பிடித்துப் பீளமேடு வழியாகப் போனேன். பவுண்டரிகளின் கதை அந்தக் கீழ் ரோட்டில்தான் இருக்கிறது.

1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பாலை வைத்தார். கரிசல் மண்ணில் பருத்தி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் நூலுக்கு உகந்தது. ஆனால் ஆலைகள் வரிசையாக எழுந்தது 1932-இல் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகு. ஆலை என்றால் இயந்திரம், இயந்திரம் என்றால் உடையும் பாகங்கள். ஒரு பல்சக்கரம் போனால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தாக வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் வரத்தே குறைந்துபோனது. உடைந்ததை அளவெடுத்து, மரத்தில் செய்து, மணலில் பதித்து, இரும்பை ஊத்திக் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு அப்போது கிராக்கி. கரும்பு ஆலை உருளைகளும் விவசாயக் கருவிகளும் ஊத்தியவர்கள் ஆலைப் பாகங்களுக்கு வந்தார்கள். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படும் மோட்டாரை இங்கே செய்தார்கள். 1926-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. அறநிலையம் தொழிற்பயிற்சியும் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் கொண்டுவந்தது. 1962-இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் வந்து நூற்பு இயந்திரத்தையே முழுதாக இங்கே செய்யத் தொடங்கியது.

இந்தப் பட்டியலைக் கோவைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் அப்புச்சியைப் போன்ற நூற்றுக்கணக்கான சின்ன பவுண்டரிக்காரர்களுக்கு ஆலைகள் சோறு போட்டதைவிடக் கிணறுகள் போட்ட சோறு அதிகம் என்பது என் எண்ணம். ஆலை ஒரு சக்கரத்தை எப்போதாவது கேட்கும். கிணறோ தண்ணீர் ஓரடி இறங்கும்போதெல்லாம் இன்னும் வலுவான பம்பைக் கேட்டது. மோட்டாரின் வெளிக்கூடு, பம்பின் கேசிங், இம்பல்லர், கால்வால்வு எல்லாமே வார்ப்பிரும்பு. ஊர்ப்பக்கம் தண்ணீர் இறங்க இறங்க, கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் புகைபோக்கிகள் ஏறின. எங்கள் வீட்டிலேயே இது அப்பட்டம். அப்பா பக்கத்தினர் எதனால் கஷ்டப்பட்டார்களோ அதனால்தான் அம்மா பக்கத்தினர் முன்னுக்கு வந்தார்கள். இதை இன்றைக்கு மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுக்குத்தான் உங்க அப்புச்சி தோட்டத்துக்காரங்க கடன் பாக்கியக் கடைசிவரைக்கும் கேக்கவே இல்ல" என்றார்.

பவுண்டரி இப்போது வீடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்புச்சி இடம் வாங்கியபோது சுற்றிலும் சோளக்காடாம். அலுவலக அறை மரப் பெஞ்சில் மாமா ஒரு நோட்டை எடுத்து வைத்தார். அப்புச்சியின் கழிவு நோட்டு. ஒவ்வொரு நாள் ஊத்தியதிலும் எத்தனை காஸ்டிங் (வார்த்த துண்டு) கழிந்தது, ஏன் கழிந்தது என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். "மணல் ஈரம்." "கோர் நகர்ந்தது." "ஊத்தறப்ப நின்னுபோச்சு." "காரணம் தெரியல." கடைசி வகைதான் ஆரம்பப் பக்கங்களில் நிறைய. வருஷம் போகப் போக அது குறைகிறது. ஒரு பவுண்டரி வளர்ந்ததா என்று பார்க்க டன் கணக்கைவிட எனக்கு இந்த நோட்டுதான் நம்பிக்கையாகத் தெரிந்தது.

மாலையில் பேட்டர்ன் ரூம். பரணில் ஐம்பது வருஷத்துத் தேக்கு. ஏணி போட்டு ஏறித் தேடினோம். வார்னிஷ் பூசிய இம்பல்லர் பேட்டர்ன், கூடவே, உள்ளே காலியாக இருக்க வேண்டிய இடத்துக்கு மணலில் கோர் செய்யும் கோர் பாக்ஸ். அடியில் பென்சிலில் "அவிநாசி" என்று அப்புச்சியின் கையெழுத்து. பழைய இம்பல்லரை மேலே வைத்துப் பார்த்தால் பேட்டர்ன் கொஞ்சம் பெரிது. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், நூற்றுக்கு ஒன்று என்பது வார்ப்பிரும்புக்குக் கணக்கு. அதனால் பேட்டர்ன் செய்கிறவர்களின் ஸ்கேலே தனி. அதில் ஓரடி என்றால் உண்மையில் ஓரடியும் அரைக்கால் அங்குலமும்.

மூன்றாம் நாள்: ஊத்து

காலை ஆறு மணிக்குக் குபோலாவில் விறகு வைத்துவிட்டார்கள். ஆளைவிட மூன்று மடங்கு உயர இரும்புக் கூண்டு, உள்ளே நெருப்புச் செங்கல். அடியில் கோக் கரி படுக்கை. அது பழுத்ததும் மேலிருந்து மாற்றி மாற்றி இரும்பு, கோக், சுண்ணாம்புக்கல். சுண்ணாம்பு, கசடை இளக்கித் தனியாகப் பிரிக்கும். போடுகிற இரும்பில் பாதி பழைய இரும்பு. உடைந்த லேத் படுக்கை, பழைய மோட்டார்க் கூடு, போன வாரத்துக் கழிவு. அப்புச்சி ஊத்திய பம்புகளே சில சமயம் பழைய இரும்புக் கடை வழியாகத் திரும்பி வருமாம். மாமா அளவெல்லாம் எடுத்து முடித்து, எங்கள் தேய்ந்த இம்பல்லரையும் அதில் போட்டார்.

மணலில் அச்சு செய்யும் மோல்டர் அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அப்புச்சியிடம் கைவேலை பழகியவர். மணலை ஒரு பிடி எடுத்து இறுக்கி, விரலை விரித்து, நடுவில் ஒடித்தார். பிஸ்கட் மாதிரிச் சுத்தமாக ஒடிந்தது. உதிர்ந்தால் ஈரம் பற்றாது, கையில் ஒட்டினால் ஈரம் அதிகம். இந்தப் 'பச்சை மணல்' பச்சை நிறமில்லை, கன்னங்கரேல். சிலிகா மணல், பென்டோனைட் களிமண், கொஞ்சம் நிலக்கரித் தூள், நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர். கரித்தூள் எதற்கு என்று கேட்டேன். "இரும்பு படறப்ப அது எரிஞ்சு நடுவால புகைத்திரை கட்டிக்கும், மணல் இரும்புல ஒட்டாது" என்றார்.

பலகையில் பேட்டர்ன், மேலே பாக்ஸ், சலித்த மணல், அதன் மேல் சாதா மணல், இடிகட்டை. ஓரத்தில் அழுத்தி, நடுவில் பார்த்து இடிக்கிறார். ரொம்ப இறுகினால் ஆவி வெளியே போகாமல் காஸ்டிங்கில் ஓட்டை விழும், தளர்ந்தால் இரும்பின் எடைக்கு மணல் வழுக்கிவிடும். மெல்லிய கம்பியால் காற்றுப்போக்குத் துளைகள். திருப்பிப் போட்டு மேல் பாக்ஸ். அப்புறம் பேட்டர்னை லேசாகத் தட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். கருப்பு மணலில் விளிம்பு கலையாத ஒரு பள்ளம். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

கோர் செய்வது பெண்கள். கோவை பவுண்டரிகள் பலவற்றில் அப்படித்தான். இம்பல்லரின் இதழ்களுக்கு நடுவே தண்ணீர் போகும் வழி காலியாக இருக்க வேண்டுமே, அந்தக் காலி இடத்தின் வடிவத்தை மணலில் செய்து உள்ளே வைக்க வேண்டும். சிலிகேட் கலந்த மணலைக் கோர் பாக்ஸில் அடைத்து, கரியமில வாயுவை ஊதினால் சில நொடியில் கல்லாகிறது. அக்கா அதைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் எடுத்து, ஓரத்துப் பிசிறை அரத்தால் தேய்த்து, பள்ளத்தில் வைத்தார். "அரை மில்லி நகந்தாலும் ஒரு பக்கம் கனமாயிருமுங்க, மோட்டார் ஆடும்" என்றார்.

மதியத்துக்கு மேல் புளோயர் போட்டார்கள். காற்றுக்குழல் கண்ணாடி வழியே பார்த்தால் வெள்ளை வெளேரென்ற வெளிச்சத்தில் துளிகள் இறங்குவது தெரிகிறது. களிமண் அடைப்பைக் கம்பியால் குத்தினார்கள். இரும்பு தண்ணீர் மாதிரித்தான் வந்தது, சத்தமே இல்லாமல். முதலில் ஒரு சின்ன ஆப்பு வடிவ அச்சில் ஊத்தி, ஆற வைத்து, உடைத்துப் பார்த்தார் மாமா. முனையில் வெள்ளை அதிகம் என்றால் இரும்பு கெட்டி, கடைசலில் டூல் உடையும். சாம்பல் நிறம் என்றால் கார்பன் செதில் செதிலாகப் பிரிந்திருக்கிறது என்று பொருள். அந்தச் செதில்கள்தான் அதிர்வை வாங்கிக்கொள்ளும். மோட்டார்க் கூட்டுக்கும் லேத் படுக்கைக்கும் வார்ப்பிரும்பை விரும்புவது அதற்காக. இன்று வெள்ளை கொஞ்சம் கூடுதல். உருகிய இரும்பைப் பிடித்து ஊத்தும் லேடிலில் ஒரு பிடி ஃபெரோ சிலிகான் போட்டார்கள். அடுத்த ஆப்பு சரியாக வந்தது.

"அக்கட்டால தள்ளி நில்லு கண்ணு." இரண்டு பேர் லேடிலைத் தூக்கி வந்தார்கள். ஊத்தத் தொடங்கினால் நிறுத்தக் கூடாது. ஒரு நொடி நின்றால் முதலில் போனதும் பிறகு வந்ததும் ஒன்று சேராமல் உள்ளே ஒரு கோடு விழுந்துவிடும். பாக்ஸின் ஓட்டைகளில் நீலச் சுடர் எழுந்தது. அச்சு நிறைந்ததைக் காட்டும் மேல்துளையான ரைசரில் சிவப்பு எட்டிப் பார்த்ததும் நிறுத்தினார்கள். எங்கள் இம்பல்லருக்குப் பத்து நொடி ஆகியிருக்காது.

மாலை ஆறரைக்குக் குபோலாவின் அடிக்கதவைத் திறந்தார்கள். எஞ்சிய கோக்கும் கசடும் தீக்குவியலாகத் தரையில் கொட்டியது. முகம் காந்தியது. தண்ணீர் அடித்தார்கள், ஆவி கூரைவரை எழுந்து எதுவும் தெரியவில்லை. வழக்கமாக இந்த நேரத்தில் எல்லோரும் டீக்குப் போய்விடுவார்களாம். இன்று யாரும் நகரவில்லை. இந்த உலையை இனி மூட்டப்போவதில்லை. மோல்டர் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்.

நான்காம் நாள்: கொடுமணல்

இம்பல்லர் ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத்துக்குப் போயிருக்கிறது. ஒரு நாள் ஆகும் என்றார்கள். சும்மா இருக்க மனமில்லாமல் கொடுமணல் போய் வந்தேன். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் சின்ன ஊர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும் மற்றவர்களும் பலமுறை தோண்டியிருக்கிறார்கள். தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள், கல்மணி செய்யும் பட்டறைகள், கூடவே இரும்பு உருக்கிய உலைகள். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள்.

பார்க்க இப்போது பெரிதாக ஒன்றுமில்லை. குழிகளை மூடிவிட்டார்கள், காடு உழுதிருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே செய்ததும் மாமா செய்வதும் ஒன்றல்ல. அவர்கள் கரியும் தாதும் சேர்த்து ஊதி எடுத்தது பஞ்சு மாதிரியான இரும்புக் கட்டி, அடித்துத்தான் உருவாக்க வேண்டும். குகை என்னும் களிமண் கலத்தில் அடைத்து உருக்கிய எஃகு அடுத்த படி. பாத்திரத்து நீர்போல் இரும்பை அச்சில் ஊத்துவது ரொம்பப் பிற்காலம். "ஈராயிரம் ஆண்டுத் தொடர்ச்சி" என்று மேடையில் பேசுவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. ஆனால் உழுத காட்டில் நடக்கும்போது காலில் கருப்பாக, கனமாக ஒரு கட்டி இடறியது. நேற்று குபோலா பின்பக்கம் கொட்டிய கசட்டின் அதே கண்ணாடிப் பளபளப்பு. எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தேன்.

நொய்யலில் தண்ணீர் இருந்தது, நிறம் நன்றாக இல்லை.

ஐந்தாம் நாள்: அரசூர்

புது இடம். உள்ளே போனதும் தெரிந்தது சத்தமும் வெளிச்சமும். இன்டக்ஷன் ஃபர்னஸில் கரி இல்லை, புகை இல்லை. செம்புச் சுருளில் ஓடும் மின்சாரம் இரும்பைத் தனக்குள்ளேயே சூடேற்றுகிறது. மாமா ஏன் இதற்கு இத்தனை தாமதமாக வந்தார் என்று எனக்குக் கேள்வி இருந்தது. பதில் மின்வெட்டு. 2008-க்குப் பிறகு சில வருஷங்கள், அதிலும் 2012-இல், கோவையில் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. இன்டக்ஷனில் உருகிய இரும்போடு கரண்ட் நின்றுவிட்டால் உலைக்குள்ளேயே உறைந்துபோகும், அப்புறம் உலையையே உடைத்துக் கட்ட வேண்டிவரும். குபோலாவுக்கு ஒரு புளோயர் ஓட ஜெனரேட்டர் போதும். தெரிந்தவர்கள் சிலர் அந்த வருஷங்களில் கடன் வாங்கி இன்டக்ஷன் போட்டுவிட்டு மூடினார்கள். மாமா பிழைத்தது பழைய உலையால்.

இன்னொரு அடி போர்வெல்லிலிருந்து வந்தது. ஆயிரம் அடி ஆழத்துக்கு இறங்கும் சப்மெர்சிபிள் பம்பில் இம்பல்லர் பிளாஸ்டிக், கூடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கிணறு ஆழமாக ஆக வளர்ந்த பவுண்டரி, ஓர் ஆழத்துக்கு மேல் வேலையை இழந்தது. மாமா வால்வு பாகங்களுக்கும் வண்டி பாகங்களுக்கும் மாறினார். அதற்கு எஸ்.ஜி. அயர்ன் வேண்டும். உருகிய இரும்பில் துளி மக்னீசியம் சேர்த்தால் கார்பன் செதிலாகப் பிரியாமல் உருண்டை உருண்டையாகப் பிரியும். சாதா வார்ப்பிரும்பு அடித்தால் உடையும், இது வளையும். 1948-இல் உலகுக்கு அறிவித்த கண்டுபிடிப்பு. மக்னீசியம் பட்டதும் லேடிலிலிருந்து வெள்ளை வெளிச்சம் வெடித்தெழுவதைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பத்து நிமிஷத்துக்குள் ஊத்திவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் மக்னீசியம் ஓடிவிடும்.

இங்கே ஆப்பு உடைப்பதில்லை. காசு அளவுத் துண்டை ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால் ஒரு பொறி, ஒரு நிமிஷத்துக்குள் திரையில் கார்பன், சிலிகான், மாங்கனீஸ், கந்தகம் எல்லாம். கழிவு நோட்டு இப்போது கம்ப்யூட்டரில். தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எச்சரிக்கைப் பலகைகள். மோல்டிங் லைனில் பெரும்பாலும் ஒடிசா, பீகார்ப் பையன்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது தூசி உறிஞ்சும் குழாய்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிலிகாத் தூசி நுரையீரலில் படிந்தால் போகாது. சிலிகோசிஸ் வந்துவிட்டால் அதைத் திருப்ப மருந்தில்லை. அப்புச்சியின் கடைசி நான்கு வருஷமும் இருமல். இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்குவார். பழைய இடத்தில் எனக்கு அழகாகத் தெரிந்த அந்தக் கருப்பு மணலும் சாயங்கால வெயிலில் மிதந்த தூசியும்தான் அவரைக் கொண்டுபோனது. குபோலா நின்றதற்கு நான் வருத்தப்படவில்லை.

வருத்தம் வேறு இடத்தில். கோர் ரூம் அக்காக்கள் ஐந்து பேரில் மூன்று பேர்தான் இங்கே வருகிறார்கள். கணபதியிலிருந்து பஸ் மாறி வந்து, பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரத்துக்குத் திரும்ப முடியாது என்று மற்ற இருவரும் நின்றுவிட்டார்கள். மாமா வேன் வைக்கப் போவதாகச் சொல்கிறார். சீக்கிரம் வைக்க வேண்டும் என்று நானும் சொல்லிவிட்டு வந்தேன். மோல்டர் அண்ணன் வரவில்லை. அன்னூர்ப் பக்கம் அவருக்கு ஒரு ஏக்கர் மானாவாரி இருக்கிறது. அங்கேயும் குட்டையில் தண்ணீர் வந்திருக்கிறதாம்.

ஆறாம் நாள்: மறுபடியும் கிணறு

இம்பல்லர் வெள்ளிபோல் மின்னியது. நடுத்துளை கடைந்து, சாவிக்காடி வெட்டி, பேலன்ஸ் பார்த்துக் கொடுத்திருந்தார்கள். கடையாத இடங்களில் மட்டும் மணலின் சொரசொரப்பு. விரலால் தடவினால் மோல்டர் அண்ணன் சலித்த மணலின் பதம் தெரிகிறது.

பெரியப்பாவும் பக்கத்துத் தோட்டத்துத் தம்பியும் கிணற்றில் இறங்கினார்கள். நானும் இரண்டாம் மேடைவரை போனேன். பாறை சில்லென்றிருந்தது. ஷாஃப்டில் சாவி, இம்பல்லர், நட்டு. கேசிங் மூடி, ஷாஃப்ட் ஓரம் தண்ணீர் கசியாமல் அடைக்கும் கிளாண்டுக் கயிறு சுற்றி, குடத்துத் தண்ணீரை ஊற்றிக் காற்றை வெளியேற்றினார்கள். பெரியப்பா மேலே பார்த்துக் கத்தினார், "போடு சாமி!" பெரியம்மா ஸ்விட்சைப் போட்டார்.

முதலில் காற்று. அப்புறம் செம்மண் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர், விட்டு விட்டு. பிறகு குழாய் ஒரு தடவை உதறிக்கொண்டு, முழு வாயும் நிறைந்து தொட்டியில் விழுந்தது. நான் மேலே ஏறி வருவதற்குள் வாய்க்காலில் பாதி தூரம் போயிருந்தது. பெரியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மடை மாற்றப் போய்விட்டார்.

அம்மாவுக்கு வீடியோ அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்து, "சத்தம் அதே சத்தம்" என்று பதில் வந்தது.

கிளாண்டில் இன்னும் சொட்டுகிறது. இரண்டு நாள் ஓடினால் கயிறு படிந்துவிடும், அப்புறம் ஒரு திருகு இறுக்கினால் போதும் என்கிறார் பெரியப்பா. இரவு சேரனுக்குத் திருப்பூர் கிளம்ப வேண்டும்.